நோ க்ரோத்… நல்ல செய்தியா?

மண்டபத்திலிருந்து அத்தை போன் செய்தால் விஷயம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, "நல்ல நண்டு வந்திருக்கு, வா." இரண்டு, "உங்க மாமா என் பேச்சைக் கேக்க மாட்டேங்குறாரு, வா."

அன்றைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு வந்த போன் இந்த இரண்டிலும் சேரவில்லை.

"மாமா என்னமோ உளர்றாருப்பா. உடம்பு சுடல. ஆனா என்னையப் பாத்து, 'நாப்பது பார் ஐஸ் போயிருக்கு, ரசீது எங்கே'ன்னு அதட்டுறாரு!"

மாமாவுக்கு வயது 66. சர்க்கரை வியாதி உண்டு. மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் முப்பது வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை அந்தக் கம்பெனி வாசலைக்கூட மிதித்ததில்லை.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஏனென்றால், நாலு நாள் முன்னால் மாமாவுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வந்த 'டாக்டர்' வேறு யாருமில்லை. பி.காம். (இரண்டாம் வகுப்பு) படித்த அடியேன்தான்!

நடந்தது இதுதான். வாடைக் காற்று அடிக்கும் மாசம். ஒரு கல்யாணத்துக்காக மண்டபம் போயிருந்தேன். மாமா இருமிக்கொண்டிருந்தார். காய்ச்சல். மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்துகிறது என்றார்.

"முப்பது வருஷம் ஐஸ்ல உக்காந்தவன் மாப்ளே. உள்ள உறைஞ்சது இப்பத்தான் உருகுது" என்று ஜோக் வேறு.

நான் மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். நம்மவர்கள் 'ஸ்ட்ராங்கா குடுங்க' என்று கேட்கிற இடங்கள் இரண்டு. ஒன்று டீக்கடை, இன்னொன்று மெடிக்கல் ஷாப். நானும் அப்படியே கேட்டேன். மூன்று மாத்திரை உள்ள ஒரு ஆன்ட்டிபயாடிக் அட்டை கைக்கு வந்தது. மருந்துச் சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது, வாங்கவும் கூடாது. கடைக்காரர் சீட்டைக் கேட்கவில்லை, நான் கொடுக்கவில்லை. இருவரும் புரிந்துணர்வோடு பிரிந்தோம்.

இரண்டு மாத்திரையில் காய்ச்சல் விட்டது. எம்.பி.பி.எஸ். பாஸ் பண்ணிய பெருமிதத்தோடு நான் சென்னைக்கு பஸ் ஏறினேன். மூன்றாவது மாத்திரையை மாமா சாப்பிடவில்லை. "காய்ச்சல்தான் விட்டுருச்சே, எதுக்கு வேஸ்ட்டு?" என்று மிச்சம் பிடித்துவிட்டார்.

அத்தை போன் வந்த அரை மணியில் கிளாம்பாக்கத்துக்கு ஓடினேன். மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது, மாமா ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தார். நடுராத்திரி டாக்ஸி பிடித்து, கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தது அத்தையும் பக்கத்து வீட்டுப் பையனும்.

"நிமோனியா" என்றார் டாக்டரம்மா.

"காய்ச்சலே இல்லையே டாக்டர்?"

"வயசானவங்களுக்கும் சர்க்கரை இருக்கறவங்களுக்கும் காய்ச்சல் இல்லாமலும் வரும். சில பேருக்கு உளறல்தான் முதல் அடையாளம்."

ராத்திரி வந்ததும் அவர் செய்த முதல் பரிசோதனைகளுக்கு கரண்ட்டே தேவைப்படவில்லையாம். ஒரு கையின் விரலை மார்பில் வைத்து, இன்னொரு கை விரலால் தட்டினார். காற்று நிறைந்த நுரையீரல் 'டொங்' என்னும். சளி கட்டியது 'மொத்' என்னும். 1761-ல் இதை எழுதி வைத்தவர் வியன்னாவில் ஆவன்புருக்கர் என்ற டாக்டர். அவர் அப்பா சத்திரம் நடத்தியவர். பீப்பாயைத் தட்டி ஒயின் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதைக் கவனித்துத்தான் மகனுக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். அடுத்து ஸ்டெதஸ்கோப். 1816-ல் பாரிஸில் லென்னெக் என்பவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி மார்பில் வைத்துக் கேட்டதில் பிறந்தது.

மூன்றாவது, மூச்சை எண்ணுவது. மாமாவுக்கு நிமிஷத்துக்கு 32. பெரியவர்களுக்கு 30 தொட்டாலே ஆபத்து. விரலில் மாட்டிய கிளிப், ரத்தத்தில் ஆக்ஸிஜன் 86 என்றது. 94-க்கு மேல் இருக்க வேண்டும்.

உளறல், ரத்தத்தில் யூரியா, மூச்சு வேகம், ரத்த அழுத்தம், 65 தாண்டிய வயது என்று ஐந்துக்கும் மார்க் போட்டு, வீட்டுக்கு அனுப்பலாமா, வார்டா, ஐ.சி.யூ-வா என்று முடிவு பண்ண ஒரு கணக்கு உண்டு. மாமா பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு மார்க் வாங்கியதில்லை. ஐந்துக்கு நாலு.

"எந்தக் கிருமின்னு கண்டுபிடிச்சு, அதுக்குத் தகுந்த மருந்து குடுங்க டாக்டர்" என்றேன். ஆடிட்டர் ஆபீஸ் பழக்கம். வவுச்சர் பார்க்காமல் எதையும் பாஸ் பண்ண மாட்டோம்.

"தெரியறதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும். உங்க மாமாவுக்கு அவ்வளவு நேரம் இல்லை. மருந்து ராத்திரியே ஆரம்பிச்சாச்சு. ரத்தம் முதல்ல எடுத்தோம், அப்புறம்தான் ஊசி. அந்த வரிசை முக்கியம். அதுக்காக ஊசியைத் தள்ளிப் போடவும் கூடாது." சொல்லிவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்: "வர்றதுக்கு முன்னாடி ஏதாவது ஆன்ட்டிபயாடிக் சாப்பிட்டாரா?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அடுத்த ஐந்து நாள் நான் கற்றுக்கொண்டது, மூன்று வருஷம் காலேஜில் கற்றதைவிட அதிகம். ஒவ்வொரு டெஸ்ட்டும் ஒவ்வொரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். ஒரு டெஸ்ட்டிடம் இன்னொரு டெஸ்ட்டின் கேள்வியைக் கேட்டால், பதில் வரும். தப்பான பதில் வரும்.

முதலில் எக்ஸ்ரே. ரிப்போர்ட்டில் 'கன்சாலிடேஷன்' என்று எழுதியிருந்தது. எனக்கு நாலு கம்பெனி கணக்கை ஒன்றாகச் சேர்ப்பதுதான் ஞாபகம் வந்தது. இங்கே அர்த்தம் வேறு. காற்று இருக்க வேண்டிய நுரையீரல் அறைகளில் நீரும் சீழும் சேர்ந்து கெட்டியாகிவிட்டது. படத்தில் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். திருடு போன வீட்டை போட்டோ எடுத்த மாதிரிதான் எக்ஸ்ரே. கதவு உடைந்தது தெரியும், திருடன் யார் என்று தெரியாது. பாக்டீரியாவா வைரஸா என்றுகூட உறுதியாகச் சொல்லாது. ஆரம்ப நாளில் எடுத்தால் ஒன்றுமே தெரியாமலும் போகலாம். சி.டி. ஸ்கேன் இதைவிட நுணுக்கம். ஆனால் செலவும் கதிர்வீச்சும் கூடுதல். வயிற்றுக்கு ஸ்கேன் எடுக்கிற அல்ட்ராசவுண்டிலேயே இப்போது நுரையீரலையும் பார்க்கிறார்கள். தேர்ந்த கை வேண்டும். கை தேர்ந்தால் எக்ஸ்ரேயைவிடக் குறைவில்லை.

இரண்டாவது சளி. இங்கேதான் காமெடி. டப்பாவைக் கொடுத்து, "சளி துப்புங்க" என்றார்கள். மாமா கடமைக்கு ஒரு துப்பு துப்பினார். ஒரு மணி நேரத்தில் லேபிலிருந்து திரும்பி வந்துவிட்டது!

"இது சளி இல்லை சார், எச்சில்."

செக் பவுன்ஸ் ஆகிப் பார்த்திருக்கிறேன், எச்சில் பவுன்ஸ் ஆனது அன்றுதான். லேப் செய்தது சரிதான். மைக்ராஸ்கோப்பில் வெள்ளை அணுக்கள் நிறைய, வாய்த் தோல் செல்கள் குறைவாக இருந்தால்தான் அது நெஞ்சிலிருந்து வந்த சரக்கு. இல்லாவிட்டால் வாயில் குடியிருக்கும் கிருமியைப் பிடித்து நுரையீரல் குற்றத்துக்கு உள்ளே தள்ளியது போலாகும். மறுநாள் காலை வாயைக் கொப்பளித்து, ஆழமாக இருமி, மாமா ஒழுங்கான சளி கொடுத்தார். அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு மனுஷன் துப்பியதற்காக மனைவி சந்தோஷப்பட்டது உலகத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

அந்தச் சளிக்குச் செய்வது 'கிராம்' சாயப் பரிசோதனை. கிராம் எடைக் கணக்கு இல்லை, ஆள் பெயர். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் டாக்டர் பெர்லினில், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல்களை வைத்து ஆராய்ந்தபோது கண்டுபிடித்தது, 1884-ல். சில கிருமிகள் ஊதாச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், சில விட்டுவிடும். அந்த நாளில் நிமோனியாவுக்குக் காரணம் எந்தக் கிருமி என்று ஃபிரீட்லண்டர், ஃபிராங்கல் என்ற இரண்டு டாக்டர்களுக்குள் பெரிய சண்டை. இருவர் காட்டியதும் வேறு வேறு கிருமிகள் என்று இந்தச் சாயம் பிரித்துக் காட்டியது. இருவர் சொன்னதும் சரி, இரண்டுமே நிமோனியா உண்டாக்கும்! தன் முறை குறையுள்ளதுதான் என்று கிராம் தானே எழுதிவிட்டுத்தான் வெளியிட்டார். 140 வருஷம் தாண்டியும் உலகத்து லேப்கள் அதை விடவில்லை. ஒரு மணி நேரத்தில் பதில், குறைந்த செலவு. ஆனால் சட்டைக் கலரைச் சொல்லுமே தவிர, ஆள் பெயரைச் சொல்லாது.

பெயரைச் சொல்வது கல்ச்சர். சளியையோ ரத்தத்தையோ கிருமிக்குப் பிடித்த சாப்பாட்டோடு வைத்து, அது வளர்கிறதா என்று பார்ப்பார்கள். வளர்ந்தால் எந்த மருந்துக்குச் சாகிறது என்றும் சோதித்துச் சொல்வார்கள். கல்ச்சரின் பெருமையே அதுதான். குறை, அதன் வேகம். வெளியூர் செக் கலெக்‌ஷன் மாதிரி.

காத்திருப்பது மண்டபத்துக்குப் புதிதல்ல. பிரிட்டிஷ் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை மண்டபம் கேம்ப்பில் சில நாள் நிறுத்தி வைத்தார்கள். காலராவோ அம்மையோ இருந்தால் வெளியே வரட்டும், அப்புறம் கப்பல் ஏறலாம் என்று. நாட்களே அங்கே டெஸ்ட். கப்பல் காத்திருக்கும். 32 மூச்சு வாங்கும் மனிதரின் நுரையீரல் காத்திருக்குமா?

ஐந்தாம் நாள் ரத்த கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. 'நோ க்ரோத்.'

நான் துள்ளிக் குதித்தேன். கம்பெனி ஆண்டறிக்கையில் 'நோ க்ரோத்' என்றால்தான் கெட்ட செய்தி, ரத்தத்தில் என்றால் நல்ல செய்தி! "கிருமியே இல்ல டாக்டர்!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "கிருமி இல்லைன்னு அதுக்கு அர்த்தம் இல்லை. வளரலைன்னுதான் அர்த்தம். நீங்க குடுத்த ரெண்டு மாத்திரை கிருமியைக் கொல்லலை, மயக்கி வச்சிருச்சு. மயங்கினது லேப்ல எப்படி வளரும்?"

பிறகு, என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டோ என்னவோ, நியாயமாகவும் சொன்னார். மாத்திரையே சாப்பிடாவிட்டாலும், நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் சேரும் நூறு பேரில் பத்துப் பேர் அளவுக்குத்தான் ரத்தத்தில் கிருமி வளருமாம். "ஆனா, அந்தப் பத்துல உங்க மாமா இருந்திருக்கலாமே? அந்த வாய்ப்பைத்தான் நீங்க எடுத்துட்டீங்க."

ஆபீஸ் பாஷையில் யோசித்தேன். எங்கள் ஆபீஸில் இரண்டு வாட்ச்மேன்கள் இருந்தார்கள். ஒருவர் உள்ளே வரும் எல்லோரையும் சந்தேகப்படுவார். திருடன் தப்ப மாட்டான். ஆனால் மேனேஜரும் மாட்டுவார். இன்னொருவர் பத்துத் திருடரில் ஒருவனைத்தான் பிடிப்பார். பிடித்தால் அவன் திருடன்தான், மறுபேச்சில்லை. ரத்த கல்ச்சர் இரண்டாவது வாட்ச்மேன். அவர் சும்மா இருப்பதை வைத்து ஆபீஸில் திருடனே இல்லை என்று நினைத்தது என் தப்பு.

முதல் வாட்ச்மேனுக்கு உதாரணம், ரத்தத்தில் பார்க்கும் சி.ஆர்.பி. உடம்பில் எங்கே அழற்சி என்றாலும் விசில் ஊதும். புரோகால்சிடோனின் கொஞ்சம் விவரமானவர். பாக்டீரியா என்றால் அதிகம் ஊதுவார். அவரை நம்பியும், ஆரம்பத்தில் ஆன்ட்டிபயாடிக்கை நிறுத்தி வைக்காதே என்கிறது அமெரிக்க டாக்டர்கள் சங்கங்களின் 2019 வழிகாட்டி.

"பி.சி.ஆர்-னு கொரோனாவுக்கு எடுத்தாங்களே, அது?" என்றேன். எடுக்கலாம். சில மணி நேரத்தில் இருபது, முப்பது கிருமிகளின் ரேகையை ஒரே நேரத்தில் தேடும். மயங்கிய கிருமியையும் கண்டுபிடிக்கும். செத்த கிருமியையும் கண்டுபிடிக்கும், அதுதான் சிக்கல். தவிர, நிமோகாக்கஸ் என்ற முக்கியக் குற்றவாளி, ஆரோக்கியமானவர்கள் தொண்டையிலும் சும்மா உட்கார்ந்திருப்பான். கதவில் பால்காரர் ரேகையும் இருக்கும் இல்லையா?

அமெரிக்காவில் நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பெரியவர்களை, இத்தனை டெஸ்ட்டையும் வைத்துச் சல்லடை போட்டுத் தேடினார்கள். 2015-ல் முடிவு வந்தது. நூற்றுக்கு 38 பேருக்குத்தான் ஏதாவது ஒரு கிருமி அகப்பட்டது. மீதி 62 பேருக்கு ஆள் தெரியவே இல்லை. அங்கேயே அப்படி.

மாமா விஷயத்தில் ஆளைக் காட்டிக் கொடுத்தது சிறுநீர். நிமோகாக்கஸ் கிருமியின் தோல் சரக்கு சிறுநீரில் கசியும். கர்ப்பப் பரிசோதனை அட்டை போல ஒரு அட்டை. 15 நிமிஷத்தில் கோடு விழும். அட்டைக்கு 15 நிமிஷம்தான். எங்கள் ஆஸ்பத்திரியில் அது இல்லாததால், சிறுநீர் மதுரைக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரம்! கோடு விழுந்தது.

இந்த டெஸ்ட்டின் விசேஷம், ஆன்ட்டிபயாடிக் சாப்பிட்ட பிறகும் வேலை செய்யும். ஒரிஜினலைக் கிழித்துப் போட்டாலும் கார்பன் காப்பி இருக்குமே, அப்படி. நூறு நிமோகாக்கஸ் நிமோனியாவில் எழுபது, எழுபத்தைந்தைப் பிடிக்கும். ஆனால் குழந்தைகளிடம் ஏமாறும்; அவர்கள் மூக்கில் சும்மா குடியிருக்கும் கிருமிக்கே கோடு விழுந்துவிடும். குணமான பிறகும் சில வாரம் கோடு காட்டும். எல்லாவற்றுக்கும் மேல், ஆள் யார் என்று சொல்லுமே தவிர, எந்த மருந்துக்கு அடங்குவான் என்று சொல்லாது.

அதைச் சொல்லியிருக்க வேண்டிய கல்ச்சரைத்தான் நான் கெடுத்திருந்தேன். விளைவு, கடலில் எல்லா மீனுக்கும் சேர்த்து வலை போடுவது போல, பெரிய ஊசிகளையே டாக்டரம்மா தொடர வேண்டியிருந்தது. அவருக்கு இன்னொரு பயமும் இருந்தது. சர்க்கரை வியாதிக்காரர், மழைக்காலம் என்றால் மண்ணில் வாழும் கிருமியால் வரும் 'மெலியாய்டோசிஸ்' என்ற நோயையும் நினைக்க வேண்டுமாம். 1912-ல் ரங்கூனிலிருந்து இதை முதலில் எழுதியவர்கள் விட்மோர் என்ற வெள்ளைக்காரரும் கிருஷ்ணசாமி என்ற நம்மவரும். டி.பி. போலவே வேஷம் போடும். வழக்கமான நிமோனியா மருந்துக்கு அடங்காது. சந்தேகத்தைத் தீர்ப்பது கல்ச்சர்தான். நல்லவேளை, மறுநாள் காலை எடுத்த சளியிலும் அது வளரவில்லை, டி.பி. டெஸ்ட்டும் இல்லை என்றது. ஊசிகளுக்கு மாமாவும் தேற ஆரம்பித்தார்.

கல்ச்சரால் ஒரு நோயாளிக்கு மட்டும் லாபமில்லை. 1990-களில் வேலூர் சி.எம்.சி. உள்பட இந்திய ஆஸ்பத்திரிகள் பல சேர்ந்து, வளர்ந்த நிமோகாக்கஸ்களைச் சேகரித்து, எந்த ரகம், எந்த மருந்துக்கு அடங்கவில்லை என்று கணக்கெடுத்தன. 1999-ல் 'லான்செட்' பத்திரிகையில் வந்தது. அந்த மாதிரி கணக்குகள்தான் ஊருக்கே மருந்தையும் தடுப்பூசியையும் தேர்ந்தெடுக்க உதவுகின்றன. தமிழ்நாட்டில் 2021 முதல் குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள்.

"அப்ப எதுதான் டாக்டர் நல்ல டெஸ்ட்டு?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"எங்க, யாருக்கு, எப்பன்னு சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்."

உதாரணமும் சொன்னார். மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி என்ற காட்டு ஜில்லா. எக்ஸ்ரே கிடையாது, லேப் கிடையாது. அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி, கிராமத்து ஆட்களுக்குக் குழந்தையின் மூச்சை எண்ணக் கற்றுக் கொடுத்தார்கள். எண்ணத் தெரியாதவர்கள் மணிகளைத் தள்ளி எண்ண ஒரு சட்டமும் செய்தார்கள். வேகமாக மூச்சு வாங்கினால் உடனே மருந்து. குழந்தைச் சாவு குறைந்ததை 1990-ல் 'லான்செட்' வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: இருமுகிற குழந்தை நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறது? இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. தொட்டாலே டாக்டரிடம் ஓடு. உங்கள் வாட்ச் போதும்.

ஆபீஸ் போகிற சகோதரர்களே, உங்களுக்கும் ஊரில் ஒரு மாமாவோ அப்பாவோ இருப்பார். இருமலோடு மூச்சு வாங்கினால், விலாவில் குத்தினால், காய்ச்சல் இல்லாமலே உளறினால், 'ஸ்ட்ராங்கா' வாங்கப் போகாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஏற்கெனவே மாத்திரை கொடுத்துவிட்டீர்களா? மறைக்காதீர்கள். அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேனே, அந்த அரை நிமிஷம் இன்னும் உறுத்துகிறது.

மாமா பதினோராம் நாள் டிஸ்சார்ஜ் ஆனார். நெஞ்சில் நிழல் கரைய இன்னும் சில வாரம் ஆகும், எக்ஸ்ரேயைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பொங்கலுக்குப் போனேன். மாமா திண்ணையில் பழைய பேரேடு ஒன்றை விரித்து, ஆஸ்பத்திரிச் செலவைப் பைசா சுத்தமாக எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தின் மூலையில் குண்டூசியில் ஏதோ பளபளத்தது. பார்த்தால், அந்த மாத்திரை அட்டை. இரண்டு குழி காலி. மூன்றாவது மாத்திரை அப்படியே இருந்தது.

"இதை எதுக்கு மாமா வச்சிருக்கீங்க?"

"வவுச்சர் மாப்ளே" என்றார், தலையைத் தூக்காமலே. "ஒத்த ரூபாய்க்குக்கூட சீட்டு கேக்குற பயல், எனக்கு மருந்து வாங்குறப்ப மட்டும் சீட்டு கேக்கலையே!"